டியூ டேட் போன பிறகும் ஓய்வெடுக்க முடியலையா? கணக்கு, வரி வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆடிட்டர் ஆபீஸ், ஜிஎஸ்டி கன்சல்டன்ட், மில்லில் உட்கார்ந்து டேலி போடும் கணக்கர், சிஏ படிப்புக்காக ஆடிட்டரிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள்ஷிப் மாணவர் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நானும் திருப்பூர்ப் பக்கம் இதே வேலை பார்ப்பவன்தான், டாக்டர் இல்லை. உடம்பு சம்பந்தப்பட்ட கேள்விகளில் எந்த இடத்தில் டாக்டரிடம் போகவேண்டும் என்று தனியாகச் சொல்லியிருக்கிறேன், அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

இந்த ஃபீல்டில் எல்லோரும்தான் ஓடுகிறோம். என்னுடையது அளவு மீறிவிட்டது என்று எப்படித் தெரியும்?

முதலில் மணியை எண்ணுங்கள். ஒரே ஒரு வாரத்துக்கு, சின்ன நோட்டில். ஆபீஸில் இருந்த நேரம் மட்டும் போதாது, ராத்திரி வீட்டில் லேப்டாப் திறந்தது, ஞாயிற்றுக்கிழமை காலையில் கறி வாங்கப் போன இடத்தில் நின்றபடி கிளையன்டுக்கு நோட்டீஸைப் பற்றி விளக்கியது, சாப்பிடும்போது ஓடிபி கேட்டு வாங்கியது, எல்லாமே வேலை நேரம்தான். நிறையப் பேர் "பத்து மணி நேரம் பார்க்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள், எழுதிப் பார்த்தால் பதிமூன்று வரும்.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021ல் ஒரு ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் பார்ப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல், இதய ரத்தக்குழாய் அடைப்பு நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல். 55 என்பது நம் கணக்கில் பெரிய எண்ணே இல்லை, ஆறு நாள், நாளுக்கு ஒன்பதே கால் மணி நேரம், அவ்வளவுதான். செப்டம்பர் மாதத்தில் 55க்குக் கீழே இருக்கிற ஆடிட்டர் ஆபீஸை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

மணி ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். வேலைச் சோர்வு முற்றிப்போன நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019ல் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில், நோயாக இல்லாமல் வேலையால் வரும் ஒரு நிலையாகச் சேர்த்து, மூன்று அடையாளம் சொன்னது. உடம்பும் மனசும் வற்றிப்போவது, வேலை மேல் வெறுப்பும் விலகலும் வருவது, என்ன செய்தாலும் உருப்படியாக எதுவும் செய்யவில்லை என்று தோன்றுவது. நம் மேஜையில் இது எப்படித் தெரியும் என்றால், ஒரே பர்ச்சேஸ் பில்லை மூன்று தடவை பார்த்தும் எச்எஸ்என், அதாவது சரக்குக்கான வரிக் குறியீட்டு எண், மனதில் நிற்காது. நல்ல மனுஷர், பத்து வருஷ கிளையன்ட், அவர் பெயர் போனில் வந்தாலே எரிச்சல் வரும். எண்பது ரிட்டர்ன் ஃபைல் பண்ணிவிட்டு எழுந்தாலும் "இன்னைக்கு ஒண்ணுமே நடக்கல" என்று இருக்கும். மூன்றும் சேர்ந்து பல வாரமாக இருந்தால், "எல்லோரும்தான் ஓடுகிறார்கள்" என்ற பதிலை வைத்து அதைத் தள்ளிவிடாதீர்கள்.

சீசனில் மட்டும்தானே இப்படி? சீசன் முடிந்ததும் ரெஸ்ட் எடுத்துக்கொள்ளலாம் இல்லையா?

சீசன் எப்போது முடிகிறது, சொல்லுங்கள். 7ந் தேதி டிடிஎஸ், அதாவது சம்பளத்திலும் பில்லிலும் பிடித்த வரி, கட்டவேண்டும். 11ந் தேதி ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை ரிட்டர்ன். 14ந் தேதி 2பி வரும், அதாவது கிளையன்டுக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியல், வந்ததும் அதை நம் கணக்கோடு ஒப்பிடும் ரீகன்சிலியேஷன். 15ந் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. 20ந் தேதி 3பி, அதாவது மாத வரியைக் கணக்குக் காட்டிக் கட்டும் ரிட்டர்ன். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன், அப்புறம் பேங்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட், அப்புறம் மறுபடி 7. இதற்கு மேல்தான் வருமான வரி, ஆடிட் எல்லாம் வந்து உட்காருகிறது.

2025ஐ நினைத்துப் பாருங்கள். சாதாரண வருமான வரி ரிட்டர்னுக்கு ஜூலை 31 என்றிருந்தது செப்டம்பர் 15 ஆகி, கடைசி நேரத்தில் 16 ஆனது. டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட் செப்டம்பர் 30லிருந்து அக்டோபர் 31க்குப் போய், அங்கிருந்து நவம்பர் 10க்குப் போனது. ஆடிட் கேஸ் ரிட்டர்ன் டிசம்பர் 10. எக்ஸ்டென்ஷன் வந்தபோது எல்லா குரூப்பிலும் கைதட்டினோம். ஆனால் நடந்தது என்ன, ஜூலையில் ஆரம்பித்த நெருக்கடி டிசம்பர் வரை நீண்டது. ஆயுத பூஜை, தீபாவளி இரண்டும் அதற்குள் போய்விட்டன.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: வேலை முடிந்த பிறகு ஓய்வு என்று வைத்தால் நம் துறையில் அது வரவே வராது. வருஷ ஆரம்பத்தில் காலண்டரை எடுத்ததும் டியூ டேட்களை வட்டம் போடுகிறோம் இல்லையா, அதே கையோடு ஓய்வு நாட்களையும் வட்டம் போடவேண்டும். ஒவ்வொரு மாதமும் 21 முதல் 24 வரை ஒரு இடைவெளி இருக்கிறது. காலாண்டு ரிட்டர்ன் போடுகிற கிளையன்ட் இருந்தால் ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரியில் 22 தாண்டி வையுங்கள். அதில் இரண்டு நாளாவது ஆபீஸ் கிடையாது என்று எழுதிவிட்டு, மீதி நாட்களில் எத்தனை கிளையன்ட் பார்க்க முடியும் என்று அப்புறம் கணக்குப் போடுங்கள். இந்த வரிசை மாறினால் எதுவும் நடக்காது.

ஞாயிறு முழுக்கத் தூங்கினேன், திங்கட்கிழமை அதே அசதி. ஏன்?

ஆறு நாள் கடனை ஒரு நாளில் அடைக்க முடியாததால்தான். 2003ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. இரண்டு வாரம் சிலரைத் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். கடைசியில் அவர்களுடைய கவனமும் வேகமும் ஒன்றிரண்டு ராத்திரி முழுக்கத் தூங்காதவர்கள் அளவுக்குக் கீழே போயிருந்தன. என்னைப் பயமுறுத்தியது இதற்கு அடுத்த செய்திதான்: தங்களுக்குப் பெரிதாகத் தூக்கம் வருவதாக அவர்களுக்கே தோன்றவில்லை. "எனக்கு அஞ்சாறு மணி நேரம் போதும், பழகிடுச்சு" என்று நம்மில் பாதிப் பேர் சொல்வது இதைத்தான். உடம்பு பழகவில்லை, குறைவது தெரியாமல் போய்விட்டது.

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் பொதுவாக ஒத்துக்கொண்ட அளவு. ஞாயிறு மதியம் வரை கட்டிலில் கிடந்தால் அன்று ராத்திரி தூக்கம் வராது, திங்கட்கிழமை இன்னும் மோசம். எழும் நேரத்தை ஏழு நாளும் ஏறக்குறைய ஒன்றாக வைத்து, படுக்கும் நேரத்தை முன்னால் இழுங்கள். காபியின் வீரியம் பாதியாகவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். சாயந்திரம் ஆறு மணிக்கு ஆபீஸ் பையன் கொண்டுவரும் அந்த ஸ்ட்ராங் காபி ராத்திரி பதினொன்றுக்கும் பாதி உள்ளே இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் விஷயம். விழித்து 17 மணி நேரம் ஆனவருடைய கவனம் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய நிலைக்கு வந்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03. காலை ஆறு மணிக்கு எழுந்து, கடைசி நாள் ஃபைலிங்கை முடித்துவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டூவீலரை எடுக்கிறோமே, அதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். டியூ டேட் ராத்திரிகளில் ஆட்டோ, கேப் காசை ஆபீஸ்தான் கொடுக்கவேண்டும். கேட்க வெட்கப்படாதீர்கள்.

சும்மா உட்கார்ந்தால் ஏதோ தப்பு செய்வது போல இருக்கிறது. கை தானாக லேப்டாப்பைத் தேடுகிறது. இதை எப்படி மாற்றுவது?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, பதிலும் கொஞ்சம் நீளம்.

நாம் வளர்ந்த வீடுகளில் சும்மா இருப்பவனுக்கு மரியாதை கிடையாது. "வெட்டியா உக்காந்திருக்கான்" என்பது திட்டு. சாயங்காலம் விளக்கு வைத்த நேரத்தில் படுத்தால் அம்மா எழுப்புவார். படிப்பு, மார்க், சிஏ இண்டர் பாஸ், ஃபைனல் என்று ஒவ்வொரு படியிலும், தூங்காமல் உழைத்தவன் கதையைத்தான் நமக்குச் சொன்னார்கள். ஆகவே அந்த உறுத்தல் உங்களிடம் இருப்பது இயல்பு. அது வருகிறது என்பதற்காக நீங்கள் உண்மையிலேயே தப்பு செய்கிறீர்கள் என்று ஆகிவிடாது.

எடுத்த எடுப்பில் ஒரு வாரம் ஊட்டிக்குப் போய் உட்கார்ந்தால் இது சரியாகாது, அங்கேயும் போர்ட்டல் திறக்கும். சின்னதாக ஆரம்பியுங்கள். தினமும் இருபது நிமிஷம், ஒரே நேரம், ஒரே இடம். வீட்டுத் திண்ணை, மொட்டைமாடி, எதுவானாலும் சரி. போன் இன்னொரு அறையில். முதல் சில நாள் கொடுமையாக இருக்கும், "அந்த டெபிட் நோட்டைப் பார்த்தோமா" என்று தலைக்குள் ஓடும், எழுந்து போகத் தோன்றும். ஓடட்டும், நீங்கள் எழுந்து போகாமல் இருந்தால் போதும். தியானம் செய்யவேண்டாம், மூச்சை எண்ணவேண்டாம். தெருவில் போகிறவர்களைப் பாருங்கள், காயப்போட்ட துணியைப் பாருங்கள். நாள் போகப் போக, எழுந்து ஓடச் சொல்லும் அந்த உந்துதல் வரும்போதே தணிந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு சீனியர் கணக்கர், ஐம்பது வயதுக்கு மேல், பின்னலாடை கம்பெனி ஒன்றில் இருக்கிறார். அவர் செய்ததைச் சொல்கிறேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் சட்டைப்பையில் இருக்கும் பேனா, பென் டிரைவ், சிஸ்டம் சாவி, டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துப் போடும் சாதனம்) எல்லாவற்றையும் ஒரு பழைய மில்க் பிக்கிஸ் டப்பாவில் போட்டு மூடி, ஷெல்ஃப் மேல் வைத்துவிடுவார். காலையில் குளித்துவிட்டுத்தான் திறப்பார். டோக்கன் கையில் இல்லாமல் கம்பெனி ரிட்டர்ன் எதையும் சைன் பண்ண முடியாது, எனவே "ஒண்ணே ஒண்ணு பண்ணிடலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. மனக்கட்டுப்பாட்டை நம்புவதைவிட டப்பாவை நம்புவது நல்லது என்பது என் கருத்து.

லீவு போட்டால் அன்றைக்கே காய்ச்சல், தலைவலி வந்துவிடுகிறதே?

நிறையப் பேருக்கு இப்படி ஆகிறது. நெதர்லாந்தின் உளவியல் பேராசிரியர் ஆட் ஃபிங்கர்ஹூட்ஸ் இதை ஆராய்ந்து, லெஷர் சிக்னெஸ், அதாவது ஓய்வு நேர நோய், என்று பெயரே வைத்தார். வேலைப் பளு அதிகமாக இருப்பவர்கள், வேலையை மனதிலிருந்து இறக்க முடியாதவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள் என்று அவர் எழுதினார். காரணம் இன்னும் உறுதியாகவில்லை. செய்யக்கூடியது, கடைசி நிமிஷம் வரை பறந்துவிட்டு நேராக ரயில் ஏறாமல், லீவுக்கு முந்தைய இரண்டு நாளை மெதுவாக்குவது.

ராத்திரி மொபைல் பார்ப்பது ஓய்வில் சேருமா?

கொஞ்ச நேரம் பார்ப்பது குற்றமில்லை. ஆனால் ஓய்வு ஆய்வில் முக்கியமானவரான ஜெர்மன் உளவியலாளர் சபீன் சோனன்டாக் 2007ல் சக ஆய்வாளர் ஒருவரோடு எழுதிய கட்டுரையில் நான்கு விஷயம் சொல்கிறார்: மனது வேலையிலிருந்து விலகுவது, உடம்பு தளர்வது, புதிதாக எதையாவது கற்றுத் தேறுவது, அந்த நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பது நம் கையில் இருப்பது. மொபைலில் ரீல்ஸ் பார்க்கும்போது நடுவே கிளையன்ட் வாட்ஸ்அப் வந்து விழுகிறது, ஆக முதலாவது போச்சு. அடுத்து என்ன வரும் என்பது உங்கள் கையில் இல்லை, நாலாவதும் போச்சு.

மூன்றாவதைப் பலர் நம்புவதில்லை. "அசந்துபோய் வந்திருக்கேன், இதுல புதுசா என்ன கத்துக்கறது" என்பார்கள். ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்து எண்களோடு இருந்தவருக்குக் கையால் செய்யும் வேலை தரும் ஆறுதல் பெரிது. மாடித்தோட்டம், கேரம், நீச்சல், பறை வாசிக்கக் கற்றுக்கொள்வது, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி தானே செய்வது. எதுவானாலும் அதற்கு டியூ டேட் இருக்கக்கூடாது, மார்க் இருக்கக்கூடாது.

கிளையன்ட் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டால் எடுக்காமல் எப்படி இருப்பது? வேறு ஆளிடம் போய்விடுவாரே?

பத்து மணிக்கு எடுத்துப் பழக்கியது நாம்தான், மாற்றுவதற்கும் நாம்தான் ஆரம்பிக்கவேண்டும். ஃபிரான்சில் 2017 ஜனவரியிலிருந்து, ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்து, வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்புகளிலிருந்து விலகி இருக்க ஊழியர்களுக்குச் சட்டம் உரிமை கொடுக்கிறது. நமக்கு அப்படிச் சட்டம் இல்லாததால் ஒவ்வொருவரும் தனக்குத்தானே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆபீஸுக்குத் தனி நம்பர், தனி சிம். வாட்ஸ்அப் பிசினஸில் வேலை நேரத்தைக் கொடுத்து, அதற்கு வெளியே தானாகப் பதில் போகும்படி வைக்கலாம். பதில் மரியாதையாக, சுருக்கமாக இருக்கட்டும்: "வணக்கம், ஆபீஸ் நேரம் காலை 10 முதல் மாலை 7. உங்கள் செய்தியை நாளை காலை பார்த்துப் பதில் சொல்கிறோம்." முதல் மாதம் இரண்டு மூன்று பேர் முகம் சுளிப்பார்கள். அப்புறம் ஏழு மணிக்குள் கூப்பிடப் பழகிவிடுவார்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது இல்லையா.

உண்மையில் ராத்திரி அழைப்பு எங்கே பிறக்கிறது தெரியுமா, 19ந் தேதி சாயங்காலம் மஞ்சப்பையில் பில்களைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டும் அந்த நிமிஷத்தில். பாதி பில் தெர்மல் பேப்பர், எழுத்தே அழிந்திருக்கும். சிலவற்றில் ஜிஎஸ்டி நம்பர் இருக்காது, பெட்ரோல் பில்லும் கோயில் ரசீதும் கலந்து கிடக்கும். "சார், நாளைக்குத்தானே கடைசி, முடிச்சிடலாம்ல?" இதற்கு "சரிங்க" என்று சொன்னால் அந்த ராத்திரி போயிற்று. ஆகவே கட்-ஆஃப் வையுங்கள். விற்பனை விவரம் 5ந் தேதிக்குள், கொள்முதல் பில் 12ந் தேதிக்குள். அதற்குப் பிறகு வந்தால் ஃபைல் பண்ணுவோம், ஆனால் வரிசையில் கடைசியில், தாமதக் கட்டணம் வந்தால் அது உங்கள் பொறுப்பு. இதைப் பேச்சில் விடாமல் ஏப்ரல் மாதம் கடிதமாகவே கொடுத்துவிடுங்கள்.

அந்தத் தாமதக் கட்டணத்தையும் நிதானமாகப் பார்க்கலாம். 3பி ஒரு நாள் தள்ளிப்போனால் 50 ரூபாய், வரியே இல்லாத நில் ரிட்டர்ன் என்றால் 20 ரூபாய். ரொக்கமாகக் கட்டவேண்டிய வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி, அந்த ஒரு நாளுக்கு மட்டும். ஜிஎஸ்டிஆர்-1 தள்ளிப்போனால் வாங்கியவருடைய 2பியில் பில் ஏறாது, அது கொஞ்சம் பெரிய பிரச்சினை, அதை முன்னுரிமையில் வையுங்கள். தாமதம் பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை, தாமதமில்லாமல் முடிப்பதுதான் நம் தொழில். ஆனால் விவரமே கொடுக்காத ஒருவருடைய ஐம்பது ரூபாய்க்காக நான்கு பேர் விடிய விடிய விழித்திருக்கிறோம் என்பதை யாராவது ஒருவர் ஆபீஸில் எடுத்துச் சொல்லவேண்டும்.

வேலையின் அளவையே குறைக்க வழி உண்டா? இல்லை, ஓய்வெடுக்கும் டெக்னிக் மட்டும்தானா?

அளவைக் குறைக்காமல் எந்த டெக்னிக்கும் நிற்காது, மூச்சுப் பயிற்சி செய்துவிட்டு மறுபடி அதே குவியலுக்குத்தான் திரும்புவோம். ஒரு உதாரணம். 5 கோடி ரூபாய் வரை டர்ன்ஓவர் உள்ளவர்களுக்குக் காலாண்டு ரிட்டர்ன் திட்டம், அதாவது க்யூஆர்எம்பி, இருக்கிறது. மாதாந்திர கிளையன்டுக்கு வருஷம் 12 ஜிஎஸ்டிஆர்-1, 12 3பி, மொத்தம் 24. க்யூஆர்எம்பியில் நாலும் நாலும் எட்டு. காலாண்டின் முதல் இரண்டு மாதம் 25ந் தேதிக்குள் சலானில் வரி கட்டவேண்டும், அது சின்ன வேலை. பெரிய கம்பெனிகளுக்கு சப்ளை செய்பவர்கள், வாங்குபவருக்கு மாதாமாதம் வரி கிரெடிட் போகவேண்டும் என்றால் ஐஎஃப்எஃப் வசதியில் அந்த பில்களை மட்டும் 13ந் தேதிக்குள் ஏற்றலாம். மளிகைக்கடை, ஹார்டுவேர், சின்ன ஒர்க்‌ஷாப் மாதிரி நேரடியாக ஜனங்களுக்கு விற்பவர்களுக்கு அதுவும் தேவைப்படாது. உங்களிடம் இருக்கும் சின்ன கிளையன்ட்களில் எத்தனை பேர் சும்மா பழக்கத்தால் மாதாந்திரத்தில் கிடக்கிறார்கள் என்று ஒரு மதியம் உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்தது, சிலரை விடுவது. கிளையன்ட் பட்டியலை எடுத்து, ஃபீஸ் ஒரு பக்கமும் அவர் தின்னும் நேரம் ஒரு பக்கமும் எழுதினால், கடைசியில் நாலைந்து பெயர் நிற்கும்: ஃபீஸ் இரண்டு வருஷம் பாக்கி, விவரம் எப்போதும் 19ந் தேதி, பேச்சும் மட்டுமரியாதை இல்லாமல். அவர்களிடம் மார்ச் மாதத்தில் நல்லபடியாகச் சொல்லி, பேப்பர்களைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வருமானம் குறையாதா?

கொஞ்ச நாள் குறையலாம். வீட்டுக் கடன், பள்ளிக் கட்டணம் இருப்பவர்கள் ஒரேயடியாகக் குறைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் முதலில் ஃபீஸ் வராதவர்களை விடச் சொல்கிறேன், அங்கே இழப்பதற்கு ஒன்றுமில்லை. மிஞ்சும் நேரத்தில் பழைய பாக்கியை வசூலித்தாலே பாதி சரியாகிவிடும்.

அண்ணா, நான் ஆர்ட்டிகிள் மாணவன். ராத்திரி பதினொன்று வரை உட்காரவைக்கிறார்கள், எப்போது படிப்பது, எப்போது தூங்குவது?

தம்பி, மதிய இடைவேளை நீங்கலாக வாரத்துக்கு 35 மணி நேரம் என்பதுதான் சிஏக்களின் அமைப்பான ஐசிஏஐ சொல்லும் பயிற்சி நேரம். நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று நாம் இருவருமே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அந்த எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள், ஏனென்றால் "இந்த ஃபீல்டுன்னா இப்படித்தான்" என்று சீனியர் சொல்லும்போது அது விதியென்று நினைத்துவிடுவாய்.

நேராகப் போய்ச் சண்டை போடவேண்டாம். பரீட்சை அட்டெம்ப்ட் எப்போது, எந்த மாதங்களில் ஏழு மணிக்குக் கிளம்பவேண்டும், செப்டம்பரில் எத்தனை நாள் முழுசாக நிற்கத் தயார் என்று ஒரு தாளில் எழுதி, பயிற்சி தரும் ஆடிட்டரான பிரின்சிபாலிடம் கொடு. எழுதிக் கொடுத்தால் யோசிப்பார்கள். தினமும் கிளம்புவதற்கு முன் அன்று முடித்ததை ஒரு மெயிலில் போடு, நாளைக்குப் பேச்சு வரும்போது கையில் ஆதாரம் இருக்கும். உடன் இருக்கும் ஆர்ட்டிகிள்களோடு சுழற்சி முறை பேசி வை, எல்லோரும் எல்லா ராத்திரியும் இருக்கவேண்டியதில்லை. நைட் அவுட் போட்டுப் படிப்பதைப் பெருமையாக நினைக்காதே, படித்தது மூளையில் படிவதே தூக்கத்தில்தான்.

ஆபீஸில் ஏழு மணிக்கு முடிகிறது. வீட்டுக்கு வந்தால் அடுத்த ஷிஃப்ட் தொடங்குகிறது. எனக்கு ஓய்வு எங்கே?

அக்கா, உங்கள் கேள்விக்கு டெக்னிக் சொன்னால் அது அநியாயம். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்வதைப் பாருங்கள்: சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 289 நிமிஷம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிஷம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரத்துக்கு எதிரே ஒன்றரை மணி நேரம். இதில் பெண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்றால் வீட்டில் வேறு யாராவது எழுந்து நிற்கவேண்டும், வேறு வழி கிடையாது.

"உதவி பண்ணுங்க" என்று கேட்காதீர்கள், வேலையை முழுசாகக் கைமாற்றுங்கள். ராத்திரி டிபன் அவருடையது என்றால், மாவு இருக்கிறதா என்று பார்ப்பதிலிருந்து பாத்திரம் கவிழ்ப்பது வரை அவருடையது. நீங்கள் நினைவுபடுத்திக்கொண்டே இருந்தால் அந்த வேலை இன்னும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. தோசை கோணலாக வரும், வரட்டும். இதைப் படிக்கும் ஆண்களுக்கு: மனைவி ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் படுத்திருக்க முடிந்தால் அந்த வீடு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

நான் ஆபீஸ் நடத்துகிறேன். ஸ்டாஃபுக்கு லீவு கொடுத்தால் வேலை எப்படி நடக்கும்?

தமிழ்நாட்டின் 1947 கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்கிறது. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54தான், அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம், நான்கு மணி நேரத்துக்கு மேல் போனால் ஒரு மணி நேர இடைவேளை. நம் மாதிரித் தொழில்முறை அலுவலகங்களுக்கு அது பொருந்துமா என்ற வாதம் இருக்கட்டும், ஜவுளிக்கடையில் துணி மடிக்கும் பையனுக்கு இருக்கிற வரம்பு உங்கள் ஸ்டாஃபுக்கும் இருக்கவேண்டும் என்பது நியாயம்தானே. 2023ல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு எழுந்ததும் மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். எட்டு மணி நேரம் நம் மாநிலத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்த விஷயம், சிங்காரவேலர் 1923ல் சென்னையில் மே தினக் கொடி ஏற்றிய காலத்திலிருந்து.

பிழைப்புக் கணக்காகவும் பாருங்கள். ராத்திரி பதினொன்று மணிக்குப் போட்ட 3பியில் வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டியை உள்மாநில விற்பனைக்கான சிஜிஎஸ்டி கட்டத்தில் போட்டால், அதைச் சரிசெய்ய அடுத்த மாதம் எத்தனை மணி நேரம் போகும்? நீங்கள் முதலில் ஏழு மணிக்குக் கிளம்புங்கள். முதலாளி உட்கார்ந்திருக்கும் ஆபீஸில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

படுத்தால் தலைக்குள் 2பி ஓடுகிறது. தூக்கமே வரவில்லை.

படுப்பதற்கு முன் ஐந்து நிமிஷம், நாளைக்குச் செய்யவேண்டியதைப் பேப்பரில் எழுதுங்கள், போனில் வேண்டாம். 2018ல் வந்த ஒரு ஆய்வில், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் செய்யவேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிஷம் முன்னதாகத் தூங்கினார்கள். "முருகன் டிரேடர்ஸ்" என்று மட்டும் எழுதாமல், எந்தப் பில், யாரிடம் கேட்கவேண்டும் என்பது வரை விவரமாக எழுதுங்கள். எவ்வளவு விவரமோ அவ்வளவு நல்லது. இருபது நிமிஷத்துக்கு மேல் புரண்டுகொண்டிருந்தால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொருகும்போது போய்ப் படுங்கள்.

எப்போது டாக்டரிடம் போகவேண்டும்?

நெஞ்சு அழுத்தம், இடது கை அல்லது தாடையில் பரவும் வலி, வாய் கோணுதல், ஒரு பக்கம் மரத்துப்போவது, பேச்சுக் குழறல் என்றால் அந்த நிமிஷமே 108. ஃபைலிங் முடித்துவிட்டுப் போகலாம் என்ற பேச்சே வேண்டாம்.

அசதி சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12, கூடவே ரத்த அழுத்தம். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது, ஆகவே வேலையால்தான் அசதி என்று நாமாக முடிவு கட்டக்கூடாது. பலமாகக் குறட்டை விட்டு, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுபவர்கள் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்கவேண்டும்.

எதிலும் ஆசை இல்லாமல் போவது, காரணமில்லாமல் அழுகை வருவது, செத்துவிடலாமா என்ற நினைப்பு, இவை ஓய்வெடுத்தால் சரியாகும் சோர்வு இல்லை. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416க்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104ம் உண்டு. இலங்கையிலிருந்து படிப்பவர்களுக்கு 1926.

இதெல்லாம் செய்தால் எத்தனை நாளில் சரியாகும்?

தூக்கம் ஒழுங்கானால் சில வாரங்களிலேயே கவனம் திரும்புவது தெரியும், டோட்டல் டேலி ஆகாமல் முட்டிக்கொள்வது குறையும். வேலை மேல் வந்த வெறுப்பு போவதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதுவும் வேலையின் அளவு நிஜமாகவே குறைந்திருந்தால்தான். ஒரு பெரிய டூர் போய்வந்து எல்லாம் தீர்ந்துவிடும் என்று எண்ணவேண்டாம், விடுமுறையின் பலன் திரும்பி வந்த சில வாரங்களில் கரைந்துவிடுகிறது என்றுதான் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வருஷத்துக்கு ஒரு தடவை பத்து நாளைவிட, மாதாமாதம் 20ந் தேதிக்குப் பிறகு இரண்டு நாள் மேல். அடுத்த மாதம் 23, 24 என்ன கிழமை என்று பார்த்து, ஆபீஸ் விடுமுறை என்று கிளையன்ட் குரூப்பில் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.